எப்போதாவது தூண்டில் போடுகிறவனுக்கு இது போதும் என்று யார் சொன்னது?

நான் வாங்கிய மூன்றாவது மீன்பிடிக் குறடும் குப்பைக்குப் போய்விட்டது. எறிவதற்கு முன் கடைசியாக ஒருமுறை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு தாடைகளையும் இணைக்கும் அச்சாணியைச் சுற்றிச் செம்மண்ணைக் குழைத்து அப்பியது போல் துரு. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. உறையின் மேல் பெரிய எழுத்தில் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

துருவைக் கண்டு மட்டும் எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. போன வாரம் ஒரு மீன், தூண்டில் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிட்டது. வாயைத் திறந்து பார்த்தால் முள்ளின் காது மட்டும்தான் தெரிகிறது. விரலை விட முடியாது. ஈரக் கையால் மீனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குறட்டை எடுத்தேன். திறக்கவில்லை. தொடையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினேன். நகம் கிழிந்த பிறகு திறந்தது. முள்ளைப் பிடித்தால் நுனி இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை, இடையில் ஒரு நூல் இடைவெளி. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சரி, தூண்டில் நரம்பை வாயோரமாக அறுத்துவிட்டு மீனை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆழமாகச் சிக்கிய முள்ளை நோண்டுவதைவிட அதுதான் மீனுக்கு நல்லது. ஆனால் அதே குறட்டின் வெட்டுவாயில் பின்னல் நரம்பை வைத்து அழுத்தினால் அறுபடவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்துபோய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது மீன், நரம்பு, குறடு மூன்றும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு என் கையில். செவுள் திறந்து மூடும் வேகம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் நரம்பைக் கல்லில் தேய்த்து அறுத்து மீனைத் தண்ணீரில் விட்டேன். அது நிமிரவில்லை. ஒருக்களித்து மிதந்தபடியே போனது.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ‘நீ என்ன தினமுமா போகிறாய்? எப்போதாவது போகிறவனுக்கு இது போதும்.’ விற்கிறவரும் இதைத்தான் சொன்னார். விலை உயர்ந்த டைட்டானியம் குறடுகளைக் காட்டி, ‘அதெல்லாம் தொழில் செய்கிறவர்களுக்கு, உங்களுக்கு எதற்கு’ என்றார். இந்த வாக்கியத்தைவிடப் பொறுப்பில்லாத வாக்கியம் இந்தத் துறையில் வேறு கிடையாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தினமும் மீன்பிடிக்கிறவருடைய குறடு தினமும் திறந்து மூடப்படுகிறது. அவர் தினமும் கழுவுகிறார், துடைக்கிறார், எண்ணெய் விடுகிறார். துரு பிடிக்க ஆரம்பித்தால் அன்றே கண்ணில் பட்டுவிடும். மாதத்துக்கு ஒருமுறை போகிறவருடைய குறடுதான் பையின் அடியில், ஈரம் உலராத உறைக்குள், வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. துருவைத் தாங்கும் எஃகு யாருக்கு அதிகம் தேவை? எங்களுக்குத்தான்! எங்கள் தலையில்தான் மட்டமான எஃகைக் கட்டுகிறார்கள்.

‘துருப்பிடிக்காத எஃகு’ என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் கிடையாது. எஃகில் ஏறத்தாழ 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தாலே அந்தப் பெயர் வந்துவிடும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதுதான் பாதுகாப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். அச்சாணி இடுக்கு போன்ற இடத்தில் தங்கிய தண்ணீருக்குள் போதிய ஆக்சிஜன் போகாது, அதனால் துளைபட்ட படலம் மறுபடி உருவாகாது. தாடை பளபளவென்று இருக்கும்போதே அச்சாணி இறுகிப்போவது இதனால்தான். மலிவான குறடுகளில் பெரும்பாலும் 420 என்ற வகை எஃகைப் போடுகிறார்கள். அதைப் பதப்படுத்திக் கடினமாக்கலாம், வெட்டுவாய்க்கு ஏற்றது. ஆனால் உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் 304 என்ற இன்னொரு வகைக்குப் பின்னால்தான் நிற்கும். மாலிப்டினம் கலந்த 316 அதையும்விட நன்றாகத் தாங்கும், ஆனால் 420 போல் அதைக் கடினமாக்க முடியாது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. 420 என்றால் 420 என்று உறையில் எழுதுவதற்கு என்ன கேடு? குளத்திலும் ஆற்றிலும் மட்டும் மீன்பிடிக்கிறவர் அதைத் தெரிந்தே வாங்கி, துடைத்து வைத்துக்கொண்டு பல வருடம் பயன்படுத்துவார். கடலுக்குப் போகிறவர் வேறு எதையாவது தேடுவார். அந்த மூன்று இலக்கங்களை அச்சிட மனம் வரவில்லை. ‘உப்புநீருக்கு ஏற்றது’ என்று அச்சிட மட்டும் மனம் வருகிறது.

அலுமினியக் குறடு வாங்கு என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. என் இரண்டாவது குறடு அதுதான். எடை குறைவு, நிறம் அழகு, எல்லாம் உண்மை. அலுமினிய உடம்பில் எஃகுத் திருகு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் மின்கலம் மாதிரி வேலை நடக்கும், அலுமினியம்தான் அரிக்கப்படும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது. அடுத்த முறை தாடை பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இறுக்கலாம் என்று பார்த்தால் திருகு அரிப்பில் இறுகிப்போய்த் திரும்பவே இல்லை. முதலாவது குறட்டின் கதை இதைவிடச் சின்னது. சுருள் வில் தெறித்து முதல் நாளே தண்ணீரில் விழுந்தது.

காசெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. கைப்பிடியில் வரிசையாக ஓட்டைகள். பாட்டில் திறப்பான். ஓரத்தில் அளவுகோல் கோடு. ‘எட்டு வேலைக்கு ஒரே கருவி’ என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்காக மீன்பிடிக்கிறவருக்கு வேண்டியது நான்கே வேலை: முள்ளைப் பிடித்துக் கழற்ற வேண்டும், முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை நசுக்க வேண்டும், நரம்பை அறுக்க வேண்டும், செயற்கை இரையில் முள்ளை மாட்டியிருக்கும், சாவிக்கொத்து வளையம் போன்ற இரட்டைச் சுற்று வளையத்தைப் பிரிக்க வேண்டும். எட்டு வேலை சொன்ன குறடு இந்த நான்கில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்ததா?

வளையம் பிரிக்கும் பல்லைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாருமே சொல்வதில்லை. தாடையின் நுனியில் கீழ்நோக்கி வளைந்த ஒரு பல் இருக்கும். வளையத்தின் இரண்டு சுற்றுக்கும் இடையில் அது நுழைய வேண்டும். மலிவான குறடுகளில் அந்தப் பல் தடிமனாக இருக்கும், சின்ன வளையத்தில் நுழையாது, பெரிய வளையத்தை வளைத்துக் கெடுக்கும். அதோடு அந்தப் பல் இருப்பதாலேயே பல குறடுகளில் நுனிகள் தட்டையாக ஒன்று சேர்வதில்லை. சின்ன முள் வழுக்குவதற்கு அதுதான் காரணம். சின்ன மீன்களை மட்டும் பிடிக்கிறவருக்கு அந்தப் பல்லே தேவையில்லை. நேரான, ஒல்லியான மூக்கு போதும். இந்த விவரத்தைச் சொல்லி விற்ற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

வெட்டுவாயும் அப்படித்தான். டங்ஸ்டன் கார்பைடு பதித்தது என்று ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். உண்மையான கார்பைடு மிகக் கடினம், அதே அளவுக்கு உடையக்கூடியது. முள்ளின் கம்பியை அதில் வைத்து வெட்டினால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரக்கூடும். நரம்புக்கு மட்டும்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேருடைய குறடு பிழைத்திருக்கும். பின்னல் நரம்பு மிக மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. இரண்டு அலகும் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்தினால்தான் அறுபடும். அதைச் செய்ய முடியாதவர்கள் வெட்டுவாயே வைக்காமல் விற்கட்டும். நான் தனியாக ஒரு கத்தரிக்கோல் வைத்துக்கொள்கிறேன்.

வாங்கும்போதே சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எதைச் சோதிப்பது? தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நுனி சேர்கிறதா என்று தெரிந்துவிடும். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் அச்சாணியின் லட்சணம் தெரிந்துவிடும். இறுக்கக்கூடிய திருகா, அடித்து மூடிய ஆணியா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கையோடு கொண்டுபோன நரம்புத் துண்டை ஒருமுறை அறுத்துப் பார்த்தால் போதும். எல்லாம் ஒரு நிமிட வேலை. அதற்குத்தான் வழியில்லாமல் கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒட்டி மூடி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் வாங்கினால் படத்தில் குறடு எப்போதும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும், மூடிய நுனியின் படம் ஒன்றுகூட இருக்காது. வாங்கியவர்களின் கருத்தைப் படித்தால் ‘அழகாக இருக்கிறது, சீக்கிரம் வந்து சேர்ந்தது’ என்று பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவை. தண்ணீரில் நனைந்து ஒரு மாதம் கழித்து எழுதியவரைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

‘நீ பராமரிக்கவில்லை’ என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் திறந்து மூடிக் கழுவினேன், துணியால் துடைத்தேன், அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அவர்கள் கொடுத்த உறைதான் அடியில் ஒரு துளைகூட இல்லாமல் தைக்கப்பட்டிருந்தது. இடுக்கில் மிஞ்சியிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே ஊறியிருக்கிறது. அந்த உறையை வைத்துக்கொள்ளச் சொல்லி அச்சிட்டதும் அவர்கள்தான்.

இப்போது என் பையில் நேர்மூக்குக் குறடு ஒன்று இருக்கிறது, மின்வேலை செய்கிறவர்கள் பயன்படுத்துவது, மீனின் படமே போடாதது. நுனி சேர்கிறது. துருப்பிடிக்கும் என்று தெரிந்தே வாங்கினேன், அதனால் உறை இல்லாமல் காற்றுப்படத் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். இரண்டும் சேர்ந்து அந்த எட்டு வேலைக் குறட்டைவிட விலை குறைவு. மீன்பிடிக் குறடு செய்கிறவர்கள் அடுத்த முறை பாட்டில் திறப்பானை எடுத்துவிட்டு, எஃகின் எண்ணை அச்சிட்டு, உறையின் அடியில் ஒரு துளை போடட்டும். அன்றைக்கு நானே முதல் ஆளாக வாங்குகிறேன்.