எல்லாம் அடக்கம், எங்களைத் தவிர

சனிக்கிழமை நான் போட்ட படத்தையும் அதன்கீழ் நடந்த கூத்தையும் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ரிசார்ட்டின் வரவேற்பு மேசைக்கு எதிரே என் மாமியார் சூட்கேஸின்மேல் உட்கார்ந்திருக்கும் படம் அது. "கட்டுச்சோற்று மூட்டையோடு ரிசார்ட்டுக்குப் போனால் இந்த மரியாதைதான் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டுக் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டவர்கள். கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். ஆறவில்லை என்று படிக்கும்போது தோன்றினால், அது உங்கள் கண்ணின் கோளாறு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். 'எல்லாம் அடக்கம்' என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், வாசலில் வந்து நிற்பவரிடம் கணக்குப் பேசக் கூடாது. அந்தப் பேக்கேஜில் இட்லியும் இறாலும் நீச்சல் குளமும் இருக்கலாம். ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதற்காகப் பணம் சேர்ப்பது, இரண்டு நாளைக்காவது பர்ஸைத் தொடாமல் இருக்கலாம் என்ற ஆசையில்தான். இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950இல், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அல்குதியா என்ற இடத்தில் கூடாரங்கள் அடித்து அவர் தொடங்கிய விடுமுறைக் குடியிருப்புதான் கிளப் மெட். பிற்காலத்தில் அங்கே பானங்களுக்குக்கூடக் காசு நீட்டாமல், கோத்துப் போட்டிருந்த மணிகளில் ஒன்றிரண்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். பணம் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் அவ்வளவு யோசித்திருக்கிறார். நம் கடற்கரையில் அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, வாசலிலேயே தராசை மாட்டிவிட்டார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் நம்மேல் உமிழும். அதிலிருந்து தப்பிக்கத்தான் கடல். வாலாஜா சுங்கச்சாவடி, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனோம். வாலாஜாவுக்கு அப்பால் ஆறுவழிச் சாலை வேலையின் மாற்றுப்பாதைகளில் கார் ஊர்ந்த நேரத்தில் கடலே எங்களைத் தேடி வந்திருக்கலாம். என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நாத்தனார், நான் என்று ஆறு பேர்; இரண்டு அறைகள்; இரண்டு இரவுகள். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 9,500 ரூபாய். 7,500 ரூபாயைத் தாண்டிய அறை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. எல்லாம் அடக்கம், வரி மட்டும் அடங்காது. போகட்டும், அது அரசாங்கத்துக்குப் போகிறது என்று அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் 12.20க்கு வாசலை அடைந்தோம். காவலாளி டிக்கியைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு பித்தளைத் தூக்கு நிறையப் புளியோதரை, ஒரு டப்பா தட்டை, ஒரு பாட்டில் மோர். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று அவற்றை எடுத்து, காகிதத்தில் எண் எழுதிக் கட்டி, காவல் அறையில் வைத்துவிட்டார்கள். சரி, உள்ளேதான் எல்லாம் அடக்கமாயிற்றே என்று போனோம். வரவேற்பு மேசையில் ஆறு பேரின் ஆதாரையும் வாங்கினார்கள். ஓர் அறைக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கினார்கள். அறையில் இருக்கும் குளிர்பெட்டியைத் திறந்தால் தனிக் கட்டணம் என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு கைப்பட்டைகளை எடுத்தார்கள்: மது அருந்துவோருக்கு ஒரு நிறம், அருந்தாதவருக்கு ஒரு நிறம், சிறுவர்க்கு ஒரு நிறம். மாமியார் கையை நீட்டிக்கொண்டே, "இன்னாம்மா இது, யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டார். வேலூரில் கையில் பட்டை கட்டினால் அடுத்தது வார்டுதான் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் விஷமம் இல்லை என்று என் கணவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பட்டை கட்டியாயிற்று, அறை தயாராகவில்லை. மதிய உணவு எங்கே என்று கேட்டோம். எங்கள் பேக்கேஜ் முதல் நாள் இரவு உணவில்தான் தொடங்குகிறதாம். மதியம் சாப்பிட வேண்டுமானால் ஆளுக்கு 850 ரூபாய், வரி தனி, சேவைக் கட்டணம் 10 சதவீதம் தனி. அதாவது எங்கள் சோறு வாசலில் சிறையில் இருக்கிறது. அவர்கள் சோறு எங்களுக்கு இன்னும் விடியவில்லை. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. இதைச் சொன்னதும் அந்த 10 சதவீதத்தை உடனே அடித்துவிட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் பெற்ற ஒரே வெற்றி அது. ஆனால் அது சட்டம் தெரிந்தவரிடம் மட்டும் நீக்கப்படுகிற கட்டணம் என்பதும் அப்போது புரிந்தது.

இனி, எனக்கு அறிவுரை சொன்னவர்களுக்கு.

"இரண்டு மணிக்குத்தான் செக்-இன், பன்னிரண்டரைக்கு ஏன் போனீர்கள்?" தொலைபேசியில் பேசியவர் மதியமே வந்துவிடலாம் என்றார், போனோம். அது என் தவறாகவே இருக்கட்டும். இரண்டு மணி என்றவர்கள் அறையைத் தந்தது 3.40க்கு. ஞாயிறு பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதில் மட்டும் ஒரு நிமிடம் பிசகவில்லை. இரண்டு நாள் என்று வாங்கிய பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது 43 மணி 20 நிமிடம். நான் தமிழாசிரியை, கணக்கு எனக்கு வராது என்று நினைத்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"வயது கேட்டால் என்ன, அடையாள அட்டை கேட்டால் என்ன?" ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது கொடுக்கக் கூடாது, என் மகனுக்குப் பத்தொன்பது, கேட்கத்தான் வேண்டும்.

"நிபந்தனைகளைப் படித்துவிட்டுத்தானே பணம் கட்டினீர்கள்?" படிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பதினொரு பக்கம் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, எறும்பு அளவில் இருந்தது. விளம்பரத்தில் மட்டும் 'எல்லாம் அடக்கம்' என்பதைத் தமிழில், கை அகல எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, 'இரவு உணவு முதல்' என்ற மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியாமல் போயினவா?

"உள்ளே அத்தனை உணவு இருக்கும்போது புளியோதரை எதற்கு?" இந்தக் கேள்விதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. என் மாமியாருக்கு எழுபத்தொரு வயது, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை மாத்திரைக்குப் பிறகு ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதற்காகத்தான் தூக்கு, நாகரிகம் தெரியாததால் அல்ல. 850 ரூபாய் என்று கேட்டதும், "அவ்ளோ காசுக்கு நான் இன்னா சாப்பிட்டுடப் போறேன், ரூம் வரட்டும்" என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். இருந்த இரண்டு சோபாக்களிலும் எங்களைப் போலவே காத்திருந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். அவர் சூட்கேஸின்மேல் உட்கார்ந்தார். என் மகள் விளையாட்டாகப் படம் எடுத்தாள். அந்தப் படம் எடுத்து இருபது நிமிடத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. காப்பி மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பிரித்து நாத்தனார் அவர் வாயில் போட்டார். டிக்கியைத் திறக்கச் சொன்ன அதே காவலாளிதான் ஓடிவந்தார். "அம்மா, இங்க சாப்பிட்டா என்னைத் திட்டுவாங்க, என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஏசி இல்லாத அந்தத் தகரக் கூரை அறையில் உட்கார்ந்து என் மாமியார் தன் சொந்தப் புளியோதரையைச் சாப்பிட்டார். நீங்கள் சிரித்த படத்துக்குப் பின்னால் இருப்பது இது. எழுதாதே, யாராவது கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவர் சொன்னதால்தான் சனிக்கிழமை நான் எழுதவில்லை.

அடக்கம் என்ற சொல்லுக்கு உள்ளடங்குதல், பணிவு, புதைத்தல் என்று மூன்று பொருள் உண்டு என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லித்தருகிறேன். முதல் பொருளை எங்களிடம் விற்றார்கள், இரண்டாவதை எங்களிடம் எதிர்பார்த்தார்கள், மூன்றாவதன் பக்கம் என் மாமியார் போய்த் திரும்பினார்.

'செக்-இன் எப்படி இருக்கும் என்றே இவளுக்குத் தெரியாது' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா இருபத்தாறு ஆண்டுகள் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். ஹவுராவிலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் வரும். கையில் அரிசி மூட்டை, கடுகெண்ணெய் டின், பாத்திரம். யாரும் அதைப் பிடுங்கி எண் எழுதிக் கட்டவில்லை. சமைக்க ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கும். அங்கேயும் பதிவேடு உண்டு. பெயர், ஊர், வந்த நோக்கம் எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும், போலீஸ் வந்து பார்ப்பார்கள். ஆனால் அப்பா முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார். "நோயாளி உட்காரட்டும், பேர் எங்க ஓடிடப் போவுது" என்பார். அவருக்கு வங்காளி தெரியாது. 'போஷுன்' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்று வைத்திருந்தார். உட்காருங்கள் என்று பொருளாம்.

ஆஸ்பத்திரி லாட்ஜையும் கடற்கரை ரிசார்ட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடக் கூடாதுதான். அந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி உண்டு, குழாயில் தண்ணீர் பாதி நேரம் வராது, அறைக்கு ஏற்ற வாடகைதான் வாங்கினார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'எல்லாம் அடக்கம்' என்று அவர்கள் பலகை வைக்கவும் இல்லை.

"உங்களைப் போன்றவர்களுக்கு ஏலகிரி போதாதா?" என்று கேட்ட அண்ணனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போதும். ஏலகிரிக்கு ஒன்பது முறை போயிருக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்ப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் அருகே, அதே கடலில்தான் போய்ச் சேருகிறது. அது தண்ணீரோடு போனாலும் மணலோடு போனாலும் யாரும் அதன் கையில் பட்டை கட்டுவதில்லை. அலை ஏறி இறங்கும் மணல் எந்த ரிசார்ட்டின் பட்டாவிலும் இல்லை. இருந்தும் மாலையில் கடற்கரை வாசலைத் தாண்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் மாமியார் முழங்கை வரை புடவைத் தலைப்பை விலக்கிப் பட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். இரண்டாம் நாள் அவர் கடலுக்கே வரவில்லை. கால் வலி என்றார்.

சாப்பாடு நன்றாக இருந்ததா என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக இருந்தது. அறை சுத்தமாக இருந்தது, மீன் வறுவல் அருமை, பிள்ளைகள் குளத்தைவிட்டு ஏறவே இல்லை. அதையெல்லாம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வரவேற்புப் பானமும் தந்தார்கள், 3.40க்கு, சாவியோடு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அந்தக் காவலாளி தூக்கைக் கழுவி, துடைத்து, எண் எழுதிய காகிதத்தையும் அவிழ்த்துவிட்டுக் கொடுத்தார். மாமியார் அவருக்கு நூறு ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. தட்டை டப்பாவை நீட்டினார், வாங்கிக்கொண்டார். டெபாசிட் பத்தாயிரம் ஏழு வேலை நாட்களில் கணக்குக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தால் இதன்கீழேயே தெரிவிக்கிறேன். சிரிப்புப் பொம்மை போட்ட மூவரில், போன கார்த்திகைக்குப் புளிக்காய்ச்சல் வாங்கிக்கொண்டு போனவர் யாரென்று அவருக்கே தெரியும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.