"பிள்ளை, இதை வேற ஆரும் கேட்பினமோ?"

கிளிநொச்சியில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் சிலருக்கு வாசித்துத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். போன மாதம் ஒரு பிள்ளை தன் நேர்காணல் சுருக்கங்களைக் கொண்டுவந்தாள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பற்றிய ஆய்வு. ஓர் எழுத்துப்பிழை இல்லை. மூன்றாம் பந்தியில் இப்படி இருந்தது: "இறந்துபோன தன் மகனை நினைத்து அவர் வருந்துகிறார்."

அந்த அம்மா அப்படிச் சொல்லவே மாட்டா. 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் இருந்தவ. பிள்ளை எங்கே என்பதுதான் அவவின் ஒரே கேள்வி. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்த குடும்பங்கள் இங்கே எத்தனை! "இது அம்மா சொன்னதோ?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இல்லை, ரெக்கோடிங்கை அப்பிடியே ஏஐயில போட்டு எடுத்தனான்."

அந்தக் கருவிக்கு அம்மாவைத் தெரியாது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பதுதான் அதன் வேலை. மகன், 2009, முள்ளிவாய்க்கால், கண்ணீர் என்று வந்தால் அடுத்ததாக மரணம் என்று எழுதிவிடும். மற்றக் கதைகளில் அப்படித்தானே வருகிறது.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. பதிவு செய்ய முன்னம் அந்த அம்மா கேட்டிருக்கிறா: "பிள்ளை, இதை வேற ஆரும் கேட்பினமோ?" இவள் சொல்லியிருக்கிறாள்: "இல்லை அம்மா, நான் மட்டும்தான்." ஒப்புதல் படிவத்திலும் அதே வாக்கு. பிறகு மகனின் பெயர், ஊர்ப் பெயர், அம்மாவின் குரல் எல்லாம் எங்கோ ஒரு கொம்பனியின் சேர்வருக்குப் போய்விட்டன. சாட்ஜிபிடி போன்றவற்றின் இலவசக் கணக்கில், நாமாகப் போய் அமைப்பை மாற்றாவிட்டால், நாம் போடுவதைப் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளும். இலங்கையில் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுதான். ஆனால் வீட்டுக்கு ஆர் வந்தது, என்ன கேட்டது என்று விசாரிக்க ஆள் வரும் ஊரில், அந்த அம்மா சட்டத்தை நம்பி வாய் திறக்கவில்லை. இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் திறந்தவ.

உசாத்துணைக் கதை தனி. இரணைமடுக் குளம் பற்றி ஒருவன் ஏஐயிடம் கேட்டுக் கொண்டுவந்த பட்டியலில் இரண்டு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை நியூயோர்க் நீதிமன்றத்தில் காட்டிய சட்டத்தரணிகளுக்கு 2023இல் 5,000 டொலர் தண்டம் விழுந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், எழுதப்பட்டதே கொஞ்சமான வன்னியைப் பற்றிக் கேட்டால் என்ன வரும்? (இன்னொருவனின் ஏஐ ஆங்கில மொழிபெயர்ப்பில், நெல் விதைக்கும் சிறுபோகம் "சிறிய இன்பம்" ஆகியிருந்தது. கமக்காரர் கேட்டால் சிரிப்பினம், அல்லது அடிப்பினம்.)

இதற்காகத் தடை போடு என்று நான் சொல்லவரவில்லை. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் பிள்ளைக்கு இலக்கணம் திருத்த ஒரு துணை கிடைப்பதில் என்ன பிழை? கொழும்பில் காசு கொடுத்து ஆள் பிடித்துத் திருத்துகிறவர்களை நாங்கள் ஒன்றும் கேட்பதில்லையே. பயன்படுத்தினால் எதற்கென்று எழுதிவிட்டால் போதும். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்துப் பிள்ளைகளைப் பிடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டதை அவை இயந்திரம் எழுதியது என்று காட்டியதாக 2023இல் ஒரு ஆய்வு வந்தது. சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே தன் கண்டுபிடிப்பானை அதே ஆண்டு யூலையில் கைவிட்டது.

ஆனால் ஒருவர் எங்களிடம் நம்பிச் சொன்னதை அதற்குள் போடுவதற்கு நான் எந்த விலக்கும் கொடுக்கமாட்டேன். ஒப்புதல் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்து, படித்துக் காட்டி, விளங்கவைத்து, ஓம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அந்தப் பிள்ளை முல்லைத்தீவுக்குத் திரும்பப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கையால் எழுதுகிறாள். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு ஒரு பகல் போகிறது. அம்மா பேசாமல் இருந்த இடங்களையும் குறிக்கட்டோ என்று நேற்றுக் கேட்டாள். எத்தனை செக்கன் என்றும் குறிக்கச் சொன்னேன்.