உரிமை தந்த சட்டமே போதுமா?
மாநில அரசு அரசியலமைப்பையோ சட்டத்தையோ மீறினால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எவரும் வழக்குத் தொடரலாம் என்று பொதுப்படக் கூறப்படுவதுண்டு. அமெரிக்காவில் நிலைமை அவ்வளவு எளிதன்று. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் குழுவின் வன்முறையிலிருந்து கறுப்பின மக்களைக் காக்க 1871இல் இயற்றப்பட்டு, இன்று 1983ஆம் பிரிவு என அறியப்படும் சட்டம், மாநில அதிகாரிகள் மீது வழக்கிட வழிவகுத்தாலும் மாநிலத்தையே பிரதிவாதியாக்க இடமளிப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சட்டங்கள் தரும் உரிமைகளின் நிலை இன்னும் வேதனையானது. அரசு நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்பவரின் உரிமைக்காக வழக்கிடலாம் என 2023இல் ஏற்ற உச்ச நீதிமன்றம், தமக்குரிய மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் பயனாளி வழக்கிட முடியாது என 2025இல் மெடினா வழக்கில் தீர்ப்பளித்தது. மீறும் மாநிலத்துக்கு நடுவண் அரசு நிதியை நிறுத்தலாமே என்பது பதிலாகாது. அப்படி நிறுத்தினால் முதலில் சிகிச்சையின்றித் தவிப்பவர் அதே ஏழை நோயாளிதான்.