ப்ளூ பேட்ஜ் இருந்தால் தனியார் பார்க்கிங் நோட்டீஸ் செல்லாதா?

"ப்ளூ பேட்ஜ் இருந்தால் தனியார் கார் பார்க் நோட்டீஸைக் கிழித்துப் போடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ப்ளூ பேட்ஜ் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை. இங்கிலாந்தில் அது தரும் சலுகை பொதுச் சாலைகளுக்கானது. சூப்பர்மார்க்கெட் போன்ற தனியார் இடங்களில் பலகையில் இருப்பதுதான் நிபந்தனை. பேட்ஜ் இருந்தாலும் சில இடங்களில் பணம் கட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த நோட்டீஸில் கேட்பது அரசு அபராதம் இல்லை, ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கேட்கும் பணம் என்பது சரி. ஆனால் 2015-இல் 'பார்க்கிங் ஐ' (ParkingEye) என்ற தனியார் பார்க்கிங் நிறுவனத்தின் வழக்கில் 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கண்டுகொள்ளாமல் விட்டால் கவுண்டி கோர்ட் (சிவில் நீதிமன்றம்) வரை போகலாம்.

அதற்காக உடனே பணத்தைக் கட்டிவிடவும் வேண்டாம். சக்கர நாற்காலியை இறக்கி ஏற்றவே நேரமானதா? மெஷின் கைக்கு எட்டவில்லையா? 2010 சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான மாற்றங்கள் செய்து தருவது சேவை தருபவரின் கடமை. "பேட்ஜ் வைத்திருந்தேன்" என்ற ஒற்றை வரியைவிட, கூடுதல் நேரம் ஏன் தேவைப்பட்டது என்று விவரமாக எழுதுவதுதான் பலமான வாதம் என்று நினைக்கிறேன். பேட்ஜ் நகல், ரசீது, பலகையின் போட்டோ எல்லாம் சேர்த்து 28 நாளுக்குள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மறுத்தால் அப்புறம் பாப்லா போன்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவில் அதற்குக் கட்டணம் இல்லை.