வாங்க ஆள் இருந்தால் அது நியாய விலையா?
'வாங்க ஆள் இருக்கிற விலைதான் நியாயமான விலை' என்று வீட்டு விலை பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த ஆள் குடியிருக்க வாங்குகிறாரா, விலை ஏறட்டும் என்று பூட்டிவைக்க வாங்குகிறாரா? நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு உரிமையாளர் கேட்ட விலை ஏறக்குறைய 40 வருட வாடகை. அதாவது பராமரிப்பு, வரி போக ஆண்டுக்கு 2.5 சதவீத வருமானம்கூட இல்லை. எந்த வங்கி அந்த வட்டிக்குக் கடன் தரும்? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், வீட்டு விலையைச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்கிறார். சரி, ஆனால் வட்டியை விட்டுவிட்டாரே. 20 ஆண்டுக் கடனில் வட்டி 6 சதவீதத்திலிருந்து 9 ஆனால், விலை அப்படியே இருந்தாலும் மாதத் தவணை கால் பங்கு கூடிவிடும். என்னைக் கேட்டால் முதலில் அதே வீட்டின் வாடகையைத்தான் பார்க்க வேண்டும். அதைக் குடியிருப்பவர் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார், நாளைக்கு விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அல்ல.