ஆய்வக வகுப்பைப் பற்றி மாணவரிடம் எதைக் கேட்கிறோம்?

நான் இளநிலை வேதியியல் படித்த கல்லூரியில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள், தங்கள் பருமனறி பகுப்பாய்வு (கரைசல்களின் பருமனை அளந்து செறிவைக் கண்டறிவது) செய்முறை வகுப்பையும் அதை நடத்தும் பேராசிரியையையும் பற்றிப் பருவ முடிவில் எழுதிக்கொடுத்த கருத்துகள் துறைக்குள் பெரிய விவாதமாகியிருக்கின்றன. அந்தப் பேராசிரியையிடம் நானும் படித்தவள். இன்று ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முன்னாள் மாணவர்களின் கருத்தையும் துறை கேட்டிருக்கிறது. அவர்களுக்கு அனுப்பியதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல் ஒரு கல்லூரியோடு முடிவதில்லை.

மாணவர்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் கண்டிப்பைப் பற்றியது. ஒவ்வோர் அளவீட்டையும் எடுத்த உடனே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும், பென்சில் கூடாது, தனித்தாளில் குறித்துக்கொண்டு பிறகு படியெடுக்கக் கூடாது, தவறானால் ஒரே கோடு போட்டு அடித்து அருகில் சரியானதை எழுத வேண்டும், இரண்டு அளவீடுகள் ஒத்துவரும் வரை தரம்பார்த்தலை (ஒரு கரைசலோடு இன்னொன்றை வினை முடியும் வரை சேர்த்து அளப்பதை) திரும்பச் செய்ய வேண்டும் என்கிறார் என்பது முதல் குறை. பக்கத்துப் பிரிவினர் சீக்கிரமாகவே முடித்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விடுகிறார்கள், நாங்கள் மட்டும் கடைசி வரை நிற்கிறோம் என்பது இரண்டாவது. இவற்றுக்கு நடுவே, அதிகம் பேர் கவனிக்காத சில வரிகளும் இருக்கின்றன: மின்னணுத் தராசுகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது, எடை போடவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, செய்முறை விளக்கம் ஆங்கிலத்தில் வேகமாக முடிந்துவிடுகிறது, கரைசலை எதற்காகச் சூடாக்குகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும் கூட்டி, ஐந்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண் குறைவாக இருப்பதால் பேராசிரியை மாற்றப்பட வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்த வகுப்பில் நடப்பதைத் தெரியாதவர்களுக்காக ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தரம்பார்ப்பது வேதியியல் மாணவர் எல்லோரும் செய்திருக்கும் ஒன்று. பிப்பெட்டால் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, அளவுக்கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் நிறம் மறையத் தாமதமாகும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கியாக வேலை செய்யத் தொடங்கியதும் சட்டென மறையும். தனியாக நிறங்காட்டி எதுவும் தேவையில்லை, வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை. அமிலம் போதாவிட்டாலோ, பெர்மாங்கனேட்டை அவசரமாகக் கொட்டிவிட்டாலோ குடுவையில் பழுப்பாக மாங்கனீஸ் டை ஆக்சைடு கலங்கி நிற்கும், அந்த முறை வீண். பியூரெட்டில் மிகச்சிறிய பிரிவு 0.1 மி.லி.; ஒரு சொட்டு ஏறத்தாழ அதில் பாதி. கரைசல் அடர்நிறமாக இருப்பதால் மற்ற கரைசல்களுக்குப் பார்ப்பதுபோல் கீழ்ப்பிறையை (திரவ மட்டத்தின் வளைவில் அடிப்பகுதியை) பார்க்க முடியாது, மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும்.

முதல் முறை 19.8, அடுத்த முறை 20.3 என்று வந்தால், ஒரு மாணவருக்கு எளிதான வழி இரண்டையும் 20.0 என்று எழுதிவிடுவதுதான். முந்தைய ஆண்டின் ரெக்கார்டு நோட்டுகள் கைமாறும் எந்த ஆய்வகத்திலும் இது நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். எங்கள் பேராசிரியை அளவீடு எடுக்கப்படும்போதே பியூரெட்டின் அருகில் வந்து, கண்மட்டத்துக்குக் குனிந்து தானும் பார்த்துவிட்டு, நாங்கள் எழுதிய எண்ணின் மேல் கையெழுத்திடுவார். சரியா தவறா என்று ஒரு சொல் சொல்ல மாட்டார். அவர் பார்த்துவிட்ட எண்ணை அதற்குப் பிறகு மாற்ற முடியாது. 20.3 என்றால் 20.3தான், அடுத்த முறை கவனமாகச் செய்ய வேண்டும். அந்த மௌனம் அப்போது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது என்பது உண்மை.

மருந்து ஆய்வகத்துக்கு வந்த பிறகு, இங்குள்ள முதல் விதிகளே அவைதான் என்று கண்டேன். அளவீடு எடுத்த கணத்திலேயே, மூலப் பதிவேட்டிலேயே, அழியாத மையால் எழுதப்பட வேண்டும். திருத்தினால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி, காரணம் எல்லாம் இருக்க வேண்டும். இந்த விதிகள் வெறும் சடங்கு அல்ல. 2013இல் ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த இணங்கிய வழக்கில், அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் பொய்யான தகவல்களைத் தந்ததும் ஒரு குற்றச்சாட்டு. அதன் பிறகும் இந்திய ஆலைகள் பலவற்றுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதங்களில் அழிக்கப்பட்ட தரவுகளும் கிழித்தெறியப்பட்ட பதிவுகளும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. மாத்திரையை விழுங்கப்போகிறவருக்கு அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் 20.0 என்று எழுதிப் பழகிய கை, பிற்பாடு தானாக மாறிவிடும் என்று நான் நம்பவில்லை.

படிக்கும்போது தரும் மதிப்பெண்ணும் பிற்காலப் பயனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல்போல் ஒதுக்கப்படுகிறது. அந்தத் தரவுகளை வைத்து கேரல், வெஸ்ட் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட கால்குலஸ் ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தாலும், அதைத் தொடர்ந்த உயர்பாடங்களில் பின்தங்கினார்கள். 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வில், தாங்களே முயன்று கணக்கிட்ட மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சிரமப்பட்டுக் கற்கும்போது, கற்கிறோம் என்ற உணர்வே குறைந்துவிடுகிறது. ஆய்வக வகுப்பு முழுக்க முழுக்கச் சிரமப்பட்டுக் கற்கும் இடம்.

இதைச் சொல்வதால் மாணவர்கள் சொன்னதைத் தள்ளிவிடலாம் என்று ஆகாது. சூடாக்குவது ஏன் என்று சொல்லவில்லை என்ற வரியில் நான் முழுக்க மாணவர் பக்கம். எங்கள் காலத்திலும் அவர் காரணங்களைக் குறைவாகத்தான் சொன்னார். வினையூக்கி கதையை நான் புத்தகத்திலிருந்து பின்னால் தெரிந்துகொண்டேன். காரணம் தெரியாத கண்டிப்பு வெறும் அச்சமாகத்தான் போய்ச்சேரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பிள்ளைக்கு, தொடக்கத்தில் பத்து நிமிடம் தமிழில் விளக்கினால் ஆய்வகத்தின் தரம் எந்த வகையிலும் குறையாது. இன்னொன்றும் உண்டு: அகமதிப்பீட்டு மதிப்பெண் அதே பேராசிரியரின் கையில் இருக்கும்போது, சிறிய வகுப்பில் கையால் எழுதிக்கொடுக்கும் தாளில் பெயர் இல்லை என்பதால் மட்டும் யாரும் மனம்விட்டு எழுதிவிட மாட்டார்கள். இத்தனையையும் மீறி எழுதியிருக்கிறார்கள் என்றால் அதற்கு மதிப்புத் தர வேண்டும்.

குறை பெரும்பாலும் கேள்வித்தாளில் இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக் (NAAC) 2017இல் கொண்டுவந்த மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பின் முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் முடிக்கப்பட்டது என்பது. அடுத்தடுத்து ஆசிரியரின் தயாரிப்பு, எடுத்துச்சொல்லும் திறன் என்று போகிறது. அதே சாயலில்தான் கல்லூரிகளின் உள்படிவங்களும் இருக்கின்றன. விரிவுரைக்கு இவை பொருந்தும். தராசு வேலை செய்ததா, புகைபோக்கி இயங்கியதா, பியூரெட்டின் மூக்கு உடையாமல் இருந்ததா, எதிர்பாராத அளவு வந்தபோது ஏன் வந்தது என்று யாராவது உங்களோடு உட்கார்ந்து பார்த்தார்களா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்காததால், உடைந்த தராசின் கோபமும் சேர்ந்து பேராசிரியையின் கணக்கில் விழுகிறது. வகுப்பு நீள்வதற்கு அவருடைய கண்டிப்பு எவ்வளவு காரணமோ, அந்த ஒற்றைத் தராசின் முன் நிற்கும் வரிசையும் அவ்வளவு காரணம்.

துறைக்கு நான் எழுதியது இதுதான். செய்முறைக்கென்று தனிப் படிவம் வேண்டும், அதில் கருவிகளுக்கும் கற்பித்தலுக்கும் தனித்தனிக் கேள்விகள் வேண்டும், இணையவழியில் பெயரின்றி, அகமதிப்பீட்டு மதிப்பெண் வெளியான பிறகு வாங்க வேண்டும். இதே மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் எடையறி பகுப்பாய்வு செய்யும்போது, நிக்கல் வீழ்படிவை மாறா எடை வரும் வரை உலர்த்தி நிறுத்துப் பழகிய பிறகு, இரண்டாம் ஆண்டு வகுப்பைப் பற்றி மறுபடியும் கேட்க வேண்டும். அதுவரை அந்தப் பேராசிரியையை மாற்றக் கூடாது. அவரிடம் இந்த வரிகளை எண்ணாக மாற்றாமல் அப்படியே கொடுத்து, காரணங்களைச் சொல்லித் தொடங்குமாறு கேட்க வேண்டும். அவர் கேட்பார் என்றே நினைக்கிறேன். தராசைப் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கைத் தர முன்னாள் மாணவர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.