வெருகலுக்கு யார் பஸ் விடுவது?
அரச பஸ் சேவையான இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) நட்டத்தில் ஓடுகிறது, அதைத் தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. 1958இல் தனியார் கம்பனிகளிடமிருந்து பஸ் சேவையை அரசு எடுத்ததும், 1979இல் தனியாரை மறுபடி உள்ளே விட்டதும் நாம் பார்த்த கதைதான். திருகோணமலை–கொழும்பு என்றால் சரி, போட்டி போட்டு ஓடுவார்கள். திருகோணமலை மாவட்டத்தின் ஒதுக்குப்புறமான வெருகல், குச்சவெளிப் பக்கம்? ஆள் நிறையும்வரை இஞ்சினை உறும விட்டுக்கொண்டு ஸ்டாண்டிலேயே நிற்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் சலுகை விலைச் சீசன் டிக்கெட்டை அப்புறம் யார் ஏற்பது? லாபமில்லாத ரூட்டுக்கு அரசு பணம் போட்டே ஆகவேண்டும். இல்லை, கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் கொழும்பு ரூட்டோடு வெருகலையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். எத்தனை பேர் டெண்டர் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.